உள்ளே நிகில் படகு, வெளியே என் படகு

படகை ஓட்டும்போது யாரும் சண்டைக்கு வருவதில்லை, நிறுத்தும்போதுதான் வருகிறார்கள். கரோல் பாகில் கார் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் டெல்லியில் உட்கார்ந்துகொண்டு கடல் விற்பவன். கரோல் பாகில் பெட்டி, பை விற்கும் கடைக்கு மேலே ஓர் அறை, அதுதான் ஆபீஸ். எட்டாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயிலேறி வந்து, அதே தெருவில் மூட்டை தூக்கி, பிறகு பை விற்று, பிறகு வேனில் ஆள் ஏற்றி, வாயை மட்டுமே முதலாகப் போட்டு மேலே வந்தவன். கோவாக்காரர் ஒருவர் பழைய பாய்மரப் படகை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, அவர் அழும் நிலைக்கு வரும்வரை பேசி வாங்கினேன். டெல்லிக்காரர்களை மதுரை வரை விமானத்தில் கொண்டுவந்து, அங்கிருந்து வேனில் ஏற்றி, கிழக்குக் கரையில் ஒரு சின்ன மீன்பிடி ஊருக்கு எதிரே நங்கூரம் போட்டுத் தங்க வைப்பது தொழில். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ஒருவனிடம் சொல்லிவிட்டு அனுபவிக்கிறேன்.

அந்த ஒருவன் நிகில். துவாரகாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், ஏதோ ஃபைனான்ஸ் கம்பெனியில் இருந்தான். என் படகில் ஒரு தடவை விருந்தாளியாக வந்து, "நல்லா இருக்கே அங்கிள்" என்று நாலு கேள்வி கேட்டான். பெருமையில் நானும் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டு, வெள்ளை வெளேரென்று ஒரு படகோடு அதே ஊருக்கு எதிரே வந்து நின்றான். எனக்கும் அவனுக்கும் ஏழெட்டு வயசுதான் வித்தியாசம். அங்கிளாம்.

அந்த ஊருக்கு எதிரே ஒரு மணல்திட்டு உண்டு. திட்டுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் தட்டில் ஊற்றிய பால் மாதிரி அசையாமல் கிடக்கும். ஒரே ஒரு படகு நிற்கத்தான் இடம். அங்கே நிகில் நிற்கிறான். திட்டுக்கு வெளியே, அலையில், நான் நிற்கிறேன். பக்கத்துக் கடைக்காரன் உங்கள் தொழிலையே சிரித்த முகத்தோடு செய்வதைப் பார்த்துப் புழுங்கிய அனுபவம் உங்களுக்கு இருந்தால், மேலே படியுங்கள்.

ஜன்னல் வரை

துவாரகாவிலிருந்து ஓர் அம்மா வந்தார், கூடவே நாத்தனார். உட்காரும் முன்பே, "பாண்டிஜி, கடைசி ரேட் சொல்லுங்க" என்றார். எனக்கு இப்படிப்பட்டவர்களை ரொம்பப் பிடிக்கும். பேசாமல் பணத்தை எடுத்து வைப்பவனைக் கண்டால்தான் சந்தேகம் வரும். நானும் என் பாணியில் ஆரம்பித்தேன். தலையில் கை வைத்தேன். டீசலைப் பற்றிப் புலம்பினேன். வேண்டாம் விடுங்கள் என்று எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தேன். அந்த அம்மாவும் சளைத்தவர் இல்லை. பையை மாட்டிக்கொண்டு மாடிப்படி வரை போய்த் திரும்பி வந்தார். இரண்டு பேரும் ஆனந்தமாகச் சண்டை போட்டோம். படிந்துவிட்டது என்று நான் டீ சொல்லி அனுப்பிய நேரத்தில் நாத்தனாருக்கு போன் வந்தது. பேசிவிட்டு அண்ணியிடம், "நம்ம ரேட்டுக்கே நிகில் பையா சரின்னுட்டார், பாபி" என்றார்.

எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. அந்த ஊரைக் கண்டுபிடித்ததே நான், அவன் என் படகில் வாந்தி எடுத்தவன், இன்று எனக்கே போட்டியா என்று கத்தினேன். கீழே பை வாங்க வந்தவர்கள் மேலே எட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டு, வந்த டீயையும் குடித்துவிட்டு எழுந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க பாண்டிஜி. ரேட்டைக் குறைங்கன்னா அவர் சிரிக்கறார். நீங்க ஜன்னல் பக்கம் போறீங்க."

கடல் பார்த்த அறை

என் படகில் இரண்டு அறைகள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. டெல்லியில் பூங்காவைப் பார்த்த ஃப்ளாட்டுக்குத் தனி விலை இல்லையா? அதே மாதிரி ஒன்றைக் கடல் பார்த்த அறை என்று கூடுதல் விலைக்கு விற்றேன். மற்றது ஊர் பார்த்த அறை, சாதாரண விலை. கடல் பார்த்த அறையை வசந்த் குஞ்சிலிருந்து வந்த பேங்க் அதிகாரி தம்பதி எடுத்தார்கள். ஊர் பார்த்த அறையில் ஆர்.கே.புரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரும் மனைவியும்.

நங்கூரக் கயிறு படகின் மூக்கில்தான் கட்டியிருக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொள்வது படகின் சுபாவம். வாசலில் நிறுத்திய கார் மாதிரி வைத்த இடத்தில் வைத்தபடி இருக்காது. இது எனக்கும் தெரியும். ஆனால் விலை சொல்லும்போது ஞாபகம் வரவில்லை. மத்தியானம் காற்று மாறியது. பேங்க் அதிகாரி தூங்கி எழுந்து திரையை விலக்கினால் எதிரே ஐஸ் ஃபேக்டரி. மேலே ஏறி வந்து, படகைத் திருப்பி வைக்கச் சொன்னார். காற்றை எப்படித் திருப்புவது என்று நான் கத்த, கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கொடு என்று அவர் கத்த, அந்தச் சத்தத்திலும் எனக்கு ஒரே கவலை: உள்ளே நிற்கும் நிகில் இதையெல்லாம் கேட்கிறானா என்று. கேட்டிருக்கிறான். கையை வேறு ஆட்டினான். ஆசிரியர் என்னைத் தனியே ஓரமாக இழுத்துப்போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எங்க பக்கம் கடல் வந்துருச்சு சார். நாங்க எதுவும் கேக்கலை, நீங்களும் கேக்காதீங்க."

நீளம் குறைத்த கயிறு

என் படகை ஓட்டுவது சூசை. அந்த ஊர்க்காரன், என் வயசுதான். வேலையில் குறை சொல்ல முடியாது, வாயில்தான் குறை. நிகில் படகில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது, நிகில் படகில் மெத்தை புதுசு என்று ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் அவனுக்குப் பொழுது விடியாது. ஒரு நாள் டெல்லிக்கு போன் போட்டு, நங்கூரக் கயிறு நைந்துவிட்டது, பழைய நீளத்துக்கே புதுசு வேண்டும் என்றான். நான் நேரே சாவ்ரி பஜாருக்குப் போனேன். அங்கே பூட்டு, சங்கிலி, கயிறு எல்லாம் உண்டு. கடைக்காரர் சர்தார்ஜி நீளத்தைக் கேட்டதும், "எந்தக் கிணற்றுக்கு?" என்றார். நான் யோசித்தேன். நாங்கள் நிற்கிற இடத்தில் ஆழம் நாலு ஆள் நின்றால் முடிந்துவிடும். அதற்கு எதற்கு இவ்வளவு கயிறு? மிச்சம் கண்டிப்பாக சூசை வீட்டுத் துணிக்கொடிக்குத்தான் போகும். பாதியாக வெட்டச் சொன்னேன். வெட்டிய கயிற்றுக்கும் பேரம் பேசினேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

நங்கூரம் பிடிப்பது எடையால் இல்லை என்பது எனக்கு அடுத்த பயணத்தில் தெரிந்தது. கயிறு நீளமாகச் சாய்ந்து கிடந்தால்தான் அது சேற்றைக் கொத்திப் பிடிக்கும். குட்டையாக இருந்தால் ஒவ்வொரு அலைக்கும் நங்கூரம் துள்ளித் துள்ளி எழுந்துகொள்ளும். மீன் குழம்பும் சோறும் பரிமாறிக்கொண்டிருந்தோம். சூசை வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை, பாதிக் கயிறு வந்த கோபம் அவனுக்கு. நிகில் படகில் கயிறு மலைப்பாம்பு மாதிரிச் சுருண்டு கிடக்கிறதே, அது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரிட்டையர் ஆன ரயில்வேக்காரர் ஒருவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கரையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்: "பாண்டிஜி, நாம நிக்கறோமா? மாதா கோயில் நம்ம பக்கம் வர்ற மாதிரி இருக்கே."

யார் அதிகம் பார்ப்பது

நிகிலுக்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் உண்டு. போட்டோ, வாடிக்கையாளர் பாராட்டு, நட்சத்திரம் எல்லாம் போடுவான். நான் காலை டீக்கு முன்னால் ஒரு தடவை, ஆபீஸ் போகும் வழியில் மெட்ரோவில் ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை பார்ப்பேன். தொழில் போட்டி, பார்க்கத்தானே வேண்டும்? ஒரு நாள் என் மனைவி பிரேமாவிடம், அவனுக்கு இத்தனை பேர் எங்கிருந்து வருகிறார்கள், பார், பக்கத்தைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது என்று பொருமினேன். பிரேமா காய் நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்: "பாதி நீங்கதான்."

கேரம் போர்டு

வெளியே நிற்பதென்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். படகு முன்னும் பின்னும் ஆடாது. பக்கவாட்டில் ஆடும், தொட்டில் மாதிரி. ஆனால் தொட்டிலில் நிறுத்துவதற்கு ஒரு தாய் இருப்பாள். மேஜையில் வைத்த கிளாஸ் மேஜையைச் சுற்றிப் பார்க்கும். எனக்குப் பழகிவிட்டது. டெல்லியில் லிஃப்டில் ஏறினாலே தலை சுற்றுகிறவர்கள் என்ன செய்வார்கள்? சாணக்யபுரியில் வேலை பார்க்கும் ஒரு புதுத் தம்பதி வந்தார்கள். பெண்ணுக்குக் கடல் என்றால் உயிராம். வந்து ஏறிய சற்று நேரத்தில் படகின் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. மாப்பிள்ளை அவளுக்கு ஆறுதல் சொல்லப் போய், அவனும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அந்த மாதத்தில் இது மூன்றாவது கோஷ்டி. முன்பதிவு செய்தவர்கள் ஒவ்வொருவராக ரத்து செய்துகொண்டிருந்தார்கள். உள்ளே இடம் கிடைக்காவிட்டால் இந்த சீசனோடு படகை விற்றுவிட்டு மறுபடி வேனுக்குத்தான் போக வேண்டும் என்று பிரேமா கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தாள்.

இஞ்சி மிட்டாய் கொடுத்தேன், எலுமிச்சம்பழம் கொடுத்தேன். தூரத்தில் நிலையாக ஏதாவது ஒன்றைப் பார்த்தால் சரியாகிவிடும் என்று சூசை யோசனை சொன்னான். அந்தப் பெண் மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அந்தக் கடலில் நிலையாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் நானும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அங்கிள், அந்த போட்ல கேரம் விளையாடறாங்க. காய் நகரவே மாட்டேங்குது."

விலை இல்லாத இடம்

கரைக்குப் போனேன். அந்த ஊரில் கரைவலை இழுப்பவர்கள் உண்டு: படகில் போய் வலையை அரைவட்டமாக விரித்துவிட்டு, இரண்டு முனையையும் கரையில் நின்று கூட்டமாக இழுப்பார்கள். பெரிய வலைக்குச் சொந்தக்காரி ஜெபமாலை அக்கா. ஊர்க் கமிட்டி என்ன முடிவு எடுத்தாலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கும். மீன் ஏலத்தை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. உள்ளே நிற்க நிகில் எவ்வளவு தருகிறான், சொல்லுங்கள், அதற்கு மேல் தருகிறேன் என்றேன். "அந்தத் தம்பி ஒண்ணும் தர்றதில்லையே" என்றார். இதை நான் நம்புவேனா? நானும் எத்தனை கடை ஏறி இறங்கியவன். விலையை மறைப்பதும் பேரத்தில் ஒரு வகைதானே என்று, தலையில் கை வைத்தேன், டீசலைப் பற்றிச் சொன்னேன், எழுந்து தண்ணீர் ஓரம் வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானே திரும்பி வந்தேன்.

பிறகு விவரம் சொன்னார். அந்தத் தண்ணீரில் வலை விரிப்பதற்கு ஊரில் முறை உண்டு. இன்று ஒருவர் வலை, நாளை இன்னொருவர் வலை. நிகில் வந்து, வரிசையில் கடைசியாக என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறான். அவனும் ஒரு சீசன் முழுக்க வெளியே ஆடிக்கொண்டு நின்றது அதற்காகத்தானாம். இப்போது வலை இல்லாத நேரம் நிற்பான், கரையிலிருந்து விசில் கேட்டால் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவான். அவ்வளவுதான். எனக்கு வந்த எரிச்சல் சொல்லி முடியாது. முதலில் வந்தவன் நான், உள்ளே வலை விரிக்கிறார்கள் என்று அன்றிலிருந்தே வெளியே நிற்பவன். அவனுக்குப் பின்னால் நான் வரிசையில் நிற்பதா? அதெல்லாம் வேண்டாம், ஒரு விலை சொல்லுங்கள் என்று மறுபடியும் ஆரம்பித்தேன். ஜெபமாலை அக்கா சேலையில் ஒட்டியிருந்த மீன் செதிலைத் தட்டிவிட்டு எழுந்தார். "நீங்க வாங்க வந்திருக்கீக தம்பி. நாங்கதான் விக்க வரலை."

டயர்

நிகில் தன் படகை வர்ணம் பூசக் கொண்டுபோனான். உள்ளே இடம் காலி. அன்றே நான் போய் நின்றேன். அடடா, அந்தச் சுகம். கிளாஸ் வைத்த இடத்தில் இருந்தது. டெல்லியில் பாலம் ஏர்போர்ட் பக்கமிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் என் படகில் இருந்தது. எல்லோரும் மூன்று வேளையும் சாப்பிட்டார்கள். மறுநாள் பாய் விரித்து ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். நான் வெளியே போய்த் திரும்புவதற்குள் நிகில் வந்து நின்றுவிட்டால்?

கரோல் பாகில் இதற்கு வழி உண்டு. காரை எடுக்கும்போது அந்த இடத்தில் ஒரு பழைய டயரையோ, உடைந்த நாற்காலியையோ, செங்கல் மேல் ஒரு பூந்தொட்டியையோ வைத்துவிட்டுப் போவோம். டயர் கிடந்தால் அது ஒருவருடைய இடம். நகர்த்தினால் தலை உருளும். நானும் ஒரு லாரி டயரைத் தேடிப் பிடித்து, உள்ளே ட்யூபுக்குக் காற்றடித்து, கயிற்றில் பெரிய கல்லைக் கட்டி, என் பெயரை வெள்ளை வர்ணத்தில் எழுதி, அந்த இடத்தில் மிதக்கவிட்டேன். "நம்ம ஊர்ல இது வழக்கமில்லை மொதலாளி" என்றான் சூசை. வழக்கத்தை யாராவது ஒருவன் ஆரம்பித்துத்தானே வைக்க வேண்டும் என்று அவன் வாயை அடைத்துவிட்டு, பாயை விரித்துக்கொண்டு போனேன்.

திரும்பி வந்தபோது கரையில் ஊரே நின்றது. விசில் அடித்தால் நிகில் நகருவான். டயருக்கு விசில் கேட்காதே. ஜெபமாலை அக்காவின் வலை கல்லிலும் கயிற்றிலும் மாட்டி, இழுத்த இழுப்பில் நடுவே ஓர் ஆள் நுழைகிற அளவுக்குக் கிழிந்துவிட்டது. மீனெல்லாம் அந்த வழியாகப் போய்விட்டது. டயர் மட்டும் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தது. அக்கா அதை நிமிர்த்தி வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இறங்கி வந்ததும், அதில் எழுதியிருந்த என் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்: "வண்டியோட மத்த சக்கரமெல்லாம் எங்க, டெல்லிக்காரரே?"

சிபாரிசு

ஏலக் கொட்டகையில் கமிட்டி கூடியது. என் படகு இனிமேல் அந்தக் கரைப் பக்கமே வரக் கூடாது என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் அதையே சத்தமாகச் சொன்னார். எனக்குத் தெரிந்த ஒரே வழி, அவர்களைவிடச் சத்தமாகப் பேசுவது. வாயைத் திறந்தேன். சூசை என் முழங்கையைக் கிள்ளினான். படகு போனால் அவன் பிழைப்பும் போகும். அவன் முகத்தில் முதல்தடவையாகக் கிண்டல் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். வேன் ஓட்டும் நாட்கள் கண் முன்னால் வந்து நின்றன.

அப்போது பின்னாலிருந்து ஒருவன் எழுந்தான். புது வர்ண வாசனையோடு அன்று காலைதான் வந்து சேர்ந்திருக்கிறான். அவன் தமிழ் எனக்கே கூசும், அதிலேயே பேசினான். "எங்க டெல்லில இது தப்பே கிடையாது. எங்க ஃப்ளாட் சொசைட்டில எங்க அப்பாவே பூந்தொட்டி வெச்சுதான் காருக்கு இடம் புடிப்பார். அங்கிளுக்குத் தெரியாது, மாஃப் பண்ணிடுங்க." கூட்டம் சிரித்தது. இவரையும் வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு பயணத்துக்கு நான் உள்ளே நிற்கிறேன், மறு பயணத்துக்கு அவர் நிற்கட்டும் என்றான். எல்லோரும் ஜெபமாலை அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். கிழிந்த வலையை எங்களோடு உட்கார்ந்து முடிந்து கொடுக்கட்டும், அதுவரை அந்தப் படகு நகரக் கூடாது என்றார். அவ்வளவுதான், தீர்ந்தது.

நீங்களே சொல்லுங்கள். என்னை விரட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இவன் சிபாரிசில் நான் பிழைப்பதா? வலை ஊசியைப் பிடித்து விரலெல்லாம் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாலம் குடும்பம் சந்தோஷமாக என்னைப் போட்டோ எடுத்தது. நிகில் பக்கத்தில் வந்து குந்தினான், அவனும் ஓர் ஊசியை எடுத்துக்கொண்டான். எனக்காக எதற்கு நீ பேசினாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அவன் வழக்கம்போலச் சிரித்தான். "வெளியில ஒரு போட் ஆடிட்டே இருந்தாத்தான் அங்கிள், உள்ள இருக்கறவங்களுக்கு இடத்தோட அருமை தெரியுது. நீங்க போயிட்டா நான் யாரைக் காட்டறது?"

என் முறை

என் முறை வந்தது. கரோல் பாகிலேயே பெரிய கேரம் போர்டாகப் பார்த்து, கடைக்காரன் என்னைக் கையெடுத்துக் கும்பிடும்வரை பேசி வாங்கி, விமானத்தில் தனிக் கட்டணம் கட்டி எடுத்துப் போனேன். புது நங்கூரமும் கயிறும் வாங்கினேன், இந்தத் தடவை கயிறு முழு நீளம். குருகிராமில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் நாலு இளைஞர்கள், ஆணும் பெண்ணுமாக, வந்தார்கள். உள்ளே நங்கூரம் போட்டோம். சேற்றில் நன்றாகப் பிடித்தது. மாதா கோயில் இருந்த இடத்தில் இருந்தது. தண்ணீர் அசையவில்லை, கிளாஸ் அசையவில்லை, காய் அசையவில்லை. விசில் கேட்டபோது மரியாதையாக நகர்ந்து, வலை கரையேறியதும் திரும்பி வந்தேன். ஜெபமாலை அக்கா கரையிலிருந்து தலையை ஆட்டினார். டெல்லியில் என்னைப் பார்த்து அப்படி யாரும் தலையை ஆட்டியதில்லை. வெளியே நிகிலின் வெள்ளைப் படகு தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் நான் பட்டதை இன்று நீ படு என்று, நாற்காலியை அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

என் இளைஞர்கள் ஓர் ஆட்டம் ஆடினார்கள். இன்னொன்று ஆடினார்கள். ஒருத்தி கொட்டாவி விட்டாள். வெளியிலிருந்து ஓவென்று சத்தம் வந்தது. வாந்தி எடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று ஆசையோடு எழுந்து பார்த்தேன். அவன் படகில் வந்தவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அலைக்கும் எழும்பி, நனைந்து, சிரித்துக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். போனை எடுத்து அவன் பக்கத்தைத் திறந்தேன். நான் வெளியே நின்ற நாளெல்லாம் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்ட அதே ஆட்டத்துக்கு 'அலைத் தாலாட்டு' என்று பெயர் வைத்து, உள்ளே நிற்பதைவிடக் கூடுதல் விலைக்கு விற்றிருக்கிறான். சூசை என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, கேரம் காய்களைப் பொறுக்கி டப்பாவில் போட ஆரம்பித்தான். கொட்டாவி விட்ட பெண் என் பக்கத்தில் வந்து நின்று வெள்ளைப் படகையே பார்த்தாள். "அங்கிள், நமக்கு அந்த ஆட்டம் கிடையாதா? ரேட் கூடன்னாலும் பரவாயில்லை."

கயிறு மாற்றிவிட்டேன், இடம் மாற்றிவிட்டேன், நங்கூரத்தையும் மாற்றிவிட்டேன், ஆனாலும் என்னை இந்தத் தொழிலில் இன்னும் அசையாமல் பிடித்து வைத்திருப்பது நிகில் மேல் எனக்குள்ள வயிற்றெரிச்சல் ஒன்றுதான்.